ஒரு துப்பாக்கிக்கு இரண்டு கண்ணாடி

பெண்டாட்டியிடம் தோற்பது தோல்விக் கணக்கில் சேராது என்றுதான் வெர்லின் ஸ்டக்கி இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தார். ஒரு முறை நடந்தால் அது விபத்து. இரண்டாம் முறை நடந்தால் வெயில் கண்ணில் அடித்தது. செப்டம்பர் போட்டியில் மூன்றாம் முறையும் நடந்துவிட்டதே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

அநியாயம் என்று பெயர் வைத்தார். கிளப்பிலிருந்து வீடு வந்து சேரும் பதினாறு மைலும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். வண்டியை ஓட்டியது ஆர்லீட்டா. அவள் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

விஷயம் இதுதான். கிழக்கு ஓக்லஹோமாவில் அவர்கள் ஊர்த் துப்பாக்கிக் கிளப்பில் மாதம் ஒரு போட்டி. இலக்குகள் இரண்டு விதம். முதலில் பத்துக் கெஜத்தில் நிற்கும் அட்டைகளை நடந்துகொண்டே சுட வேண்டும். அப்புறம் தரையில் படுத்து, முன்னூறு கெஜத்துக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தட்டுகளை 'டங்' என்று சத்தம் கேட்கும்படி அடிக்க வேண்டும். வெர்லின் துப்பாக்கியின் மேல் இருந்தது ஒன்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப். தூரத்துத் தட்டு அதில் கைக்கெட்டுகிற மாதிரி தெரியும். ஆனால் பத்துக் கெஜத்து அட்டையை அதில் பார்த்தால் அட்டை தெரியாது, அட்டையின் நார் தெரியும். இது எந்த அட்டை, இதில் எந்தப் பக்கம் என்று அவர் தேடி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும்.

ஆர்லீட்டாவின் துப்பாக்கியில் இருந்ததோ தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி. நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. எதையும் பெரிதாக்காது. பொட்டை வைத்தாள், சுட்டாள், அடுத்ததற்குப் போனாள். தூரத்துத் தட்டுகளில் பாதியைக் கோட்டைவிடுவாள்தான். ஆனால் கிட்டத்தில் வாரிக் கட்டிய மதிப்பெண்ணே அவளைக் கரை சேர்த்துவிடும்.

தோல்வியைக்கூட வெர்லின் ஜீரணித்திருப்பார். சாப்பாட்டு மேஜையில் ஆர்லீட்டா கேட்டாளே ஒன்று, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

"இந்த வருஷம் மான் சீசனுக்கு ஓடைப் பரணை எனக்கு விட்டுக்கொடேன், வெர்லின்."

வெண்டைக்காய் வறுவலோடு மேலே போன முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

அவர்கள் நிலத்தில் மறைந்து உட்கார்ந்து மான் சுடுவதற்குப் பரண் இரண்டு. ஒன்று ஓடைக்கரையில், மான் தண்ணீர் குடிக்க வருகிற இடத்தில். இன்னொன்று ரோட்டோரம். பத்தொன்பது வருடமாக ஓடைப் பரணில் வெர்லின், ரோட்டுப் பரணில் ஆர்லீட்டா. ரோட்டுப் பரணிலிருந்து இத்தனை வருடத்தில் ஆர்லீட்டா பார்த்தது இரண்டு பெட்டை மான், பக்கத்துப் பண்ணை ஆடு ஒன்று, மற்றபடி போகிற வருகிற வண்டிகள். போதாக்குறைக்கு இந்த வருடம் ஓடைக்கரை மரத்தில் கட்டியிருந்த கேமராவில் பத்து முனைக் கொம்போடு ஒரு கிடா மான் பதிவாகியிருந்தது. வெர்லின் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார். அதன் அடியில் அவர்கள் கல்யாணப் படம் இருந்தது. கிடாவின் காலுக்குக் கீழே ஆர்லீட்டாவின் முக்காடு மட்டும் கொஞ்சம் தெரியும்.

"ஓடைப் பரணா? அது என்னோடது!"

"எங்கயாவது எழுதி வச்சிருக்கா?"

"பத்தொம்போது வருஷமா நான் உக்காந்திருக்கேன்."

"அதான். அலுத்திருக்கும்."

"அந்தப் பரணைக் கட்டினது நானு!"

"ஏணியைப் புடிச்சது யாரு? ஆணியை எடுத்துக் கொடுத்தது யாரு? கட்டை விரல்ல சுத்தியல அடிச்சுக்கிட்டு நீ போட்ட கூச்சலைக் கேட்டது யாரு?"

"அது வேற விஷயம்."

"நல்லா சுடறவங்களுக்கு நல்ல பரண். அதுதானே நியாயம்? யாரு நல்லா சுடறாங்கன்னு மூணு தடவை பாத்தாச்சே."

நியாயமாம்! நீங்களே சொல்லுங்கள், ஒரு மனிதன் தன் வீட்டில் தன் வெண்டைக்காயைத் தின்றுகொண்டிருக்கும்போது கேட்கிற பேச்சா இது? வெர்லினின் காது மடல் சிவந்துவிட்டது.

"அக்டோபர் போட்டி வரட்டும். அப்ப தெரியும் யாரு சுடறாங்கன்னு."

"சரி, அப்படியே வச்சுக்கலாம். போட்டி முடிஞ்சு பட்டியல் ஒட்டுவாங்கல்ல? அதுல யாரு பேருக்கு முன்னாடி சின்ன நம்பர் இருக்கோ, அவங்களுக்கு ஓடைப் பரண். சம்மதமா?"

"சம்மதம்! நூறு தடவை சம்மதம்!"

ஆர்லீட்டா எழுந்து போய் அதைக் காலண்டரில் எழுதினாள். எழுதுவது அவள் வழக்கம். கிளப்புக்கு அவள்தான் செயலாளர். கூட்டக் குறிப்பு, போட்டிப் படிவம், பட்டியல் எல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருக்கும். வீட்டிலும் அப்படியே. வெர்லின் வேலை அவள் விரல் வைக்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவது.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது அவருக்கு அந்த யோசனை உதித்தது. கிட்டத்துக்கு ஒரு கண்ணாடி, தூரத்துக்கு ஒரு கண்ணாடி. இரண்டையும் ஒரே துப்பாக்கியில் ஏற்றிவிட்டால்? மேலே ஸ்கோப் இருக்கட்டும். பக்கவாட்டில் சாய்வாக ஒரு பொட்டுக் கண்ணாடி. அவள் கெட்டிக்காரத்தனம் மொத்தமும் அந்தப் பொட்டில்தானே இருக்கிறது! வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

வீடு வீடாகக் கேஸ் கொண்டுபோய்ப் போடுகிற லாரியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற வழியிலேயே ஹாய்ட் கடையில் நிறுத்தினார். ஹாய்ட் மாட்டுத் தீவனமும் துப்பாக்கிச் சாமானும் விற்கிறவர், கிளப் போட்டிகளை நடத்துகிறவரும் அவர்தான்.

"பக்கவாட்டுல மாட்டற பொட்டுக் கண்ணாடி ஒண்ணு கொடு, ஹாய்ட்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

ஹாய்ட் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். "ஒரு துப்பாக்கிக்கு ரெண்டு கண்ணாடியா? நீயா?"

"ஏன், நான் வச்சா ஒட்டாதா?"

"ஒட்டும்ப்பா, நல்லாவே ஒட்டும். ஆர்லீட்டாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டியா?"

"என் துப்பாக்கிக்கு அவகிட்ட எதுக்குய்யா கேக்கணும்?"

ஹாய்ட்டுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் இருமினார். தோள் குலுங்கியது. பாவம், தீவனத் தூசி என்று வெர்லின் நினைத்துக்கொண்டார்.

ரகசியமாகக் கார் கொட்டகையில் வைத்து மாட்டிவிடலாம் என்றுதான் திட்டம். ஆனால் ஒரு கையால் துப்பாக்கியை ஆடாமல் பிடித்து, இன்னொரு கையால் கண்ணாடியை மட்டம் பார்த்து, மூன்றாவது கையால் ஸ்குரூவை முறுக்க வேண்டியிருந்தது. ஆண்டவன் அவருக்கு மூன்றாவது கை வைக்கவில்லை. சமையலறை மேஜைக்கு வந்து சேர்ந்தார்.

"என்ன இது, துப்பாக்கிக்குக் காது முளைச்சிருக்கு?" என்றாள் ஆர்லீட்டா, மாவுக் கையோடு.

"காது இல்ல, கண்ணு. மேல இருக்கறது தூரத்துக்கு, பக்கத்துல இருக்கறது கிட்டத்துக்கு. துப்பாக்கியை இப்படிக் கொஞ்சம் சரிச்சாப் போதும், சின்னது மேல வந்துரும். கொஞ்சம் புடி."

"மூக்குக் கண்ணாடி வாங்கறப்பவும் இதையேதான் சொன்ன. மேல தூரம், கீழ கிட்டம்னு. மூணு மாசம் படிக்கட்டுல விழுந்துக்கிட்டே இருந்த."

"அது படிக்கட்டோட தப்பு."

"எதை எப்ப பாக்கறதுன்னு உனக்குக் குழம்பிரும். வேணாம் வெர்லின், ஒண்ணே போதும். ரெண்டெல்லாம் உனக்குச் சரிப்படாது."

வேண்டாம் என்று ஆர்லீட்டா சொன்ன எதையும் வெர்லின் செய்யாமல் விட்டதில்லை. முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் இது அவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் வெர்லினுக்குத் தெரியாது.

"பயமா இருக்கா?" என்றார்.

"எனக்கென்ன பயம்?"

"பயம்தான். மூஞ்சியிலயே எழுதியிருக்கு. புடி, ஆட்டாதே."

அவள் பிடித்தாள். அவர் முறுக்கினார். ஆர்லீட்டாவின் மாவுக் கைரேகை துப்பாக்கிக் குழல் மேல் வெள்ளையாகப் பதிந்தது. அதைத் துடைத்துவிட்டு, இரண்டு வாரம் வேலை முடிந்ததும் நேராகக் கிளப்பின் சுடும் களத்துக்குப் போய்ப் பழகினார். நேராகப் பிடித்தால் தூரம், சரித்தால் கிட்டம். நேராக, சரித்து, நேராக, சரித்து. பல் தேய்க்கும்போதுகூடத் தலை ஒரு பக்கம் சரிய ஆரம்பித்துவிட்டது.

போட்டியன்று காலை கிரேவி ஊற்றிய பிஸ்கட் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் வந்து விழுந்தது.

"கையெழுத்துப் போடு. போட்டிப் படிவம்."

போடப் போனார்.

"படிச்சுட்டுப் போடு," என்றாள் ஆர்லீட்டா.

"முப்பத்தொரு வருஷமா நீ குடுத்த எதைப் படிச்சிருக்கேன்?"

"அதான் சொல்றேன். இந்த ஒண்ணையாவது படி. நல்லதுக்குச் சொல்றேன்."

"என் நேரத்தை வீணாக்கி, கையை நடுங்க வச்சு, அப்படி ஜெயிக்கலாம்னு பாக்கறியா? அது நடக்காது!" ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார்.

"துப்பாக்கியில எத்தனை கண்ணாடின்னு ஒரு கட்டம் இருக்கு. ரெண்டுன்னு எழுதியிருக்கேன். சரிதானே?"

"பெரிசா எழுது!"

பெரிதாகவே எழுதினாள்.

அன்றைக்கு வெர்லின் சுட்டதை என்னவென்று சொல்ல! கிட்டத்து அட்டைகளில் துப்பாக்கியைச் சரித்துக்கொண்டு நடந்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. படுத்தார், நிமிர்த்தினார். டங், டங், டங் என்று ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணி மாதிரி தட்டுகள் அடித்தன. எழுந்தபோது முட்டி வலித்தது. வலியா அது? சுகம். ஆர்லீட்டா எப்போதும்போல் கிட்டத்தில் வெளுத்துவாங்கினாள், தூரத்தில் ஐந்து தட்டுகளைத் தவறவிட்டாள். ஒவ்வொன்றையும் வெர்லின் விரல் விட்டு எண்ணினார்.

பட்டியல் தயாராகும் வரை மாட்டிறைச்சி சாண்ட்விச் தின்றுகொண்டே மனைவிக்கு ஆறுதல் சொன்னார்.

"விடு ஆர்லீட்டா. ரோட்டுப் பரண்ல காத்து நல்லா வரும்."

"வரும்தான்."

"அடுத்த வருஷம் நீயும் ரெண்டு கண்ணாடி வச்சுக்கோ. நான் மாட்டித் தர்றேன்."

"ரொம்ப நன்றி, வெர்லின்."

ஹாய்ட் வந்து பலகையில் தாளை ஒட்டினார். வெர்லின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். முதல் பெயர் தன்னுடையதில்லை. பரவாயில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதும் இல்லை. நான்கு, ஆர்லீட்டா ஸ்டக்கி. வெர்லின் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினார். இருபத்து மூன்று பெயர்கள். அவர் பெயர் எங்கேயும் இல்லை.

"ஹாய்ட்! என் பேரை விட்டுட்டியே!"

"விடலைப்பா. பக்கத்துத் தாளைப் பாரு."

பக்கத்தில் ஒரு சின்னத் தாள். மாதாமாதம் ஒட்டுவதுதான், வெர்லின் ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. தலைப்பு: 'ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடி வைத்தவர்கள்.' மொத்தம் ஆறே பெயர். மாநிலப் போட்டியில் கோப்பை வாங்கிய இரட்டைப் பிறவி வெல்டர்கள் இரண்டு பேர். ஷெரீஃபின் கீழ் வேலை பார்க்கிறவர் ஒருவர். தூக்கத்தில்கூடக் குறி தவறாத மாட்டு டாக்டரம்மா. ராணுவத்திலிருந்து வந்த ஒருவர். ஆறாவதாக, வெர்லின் ஸ்டக்கி.

"நாலு," என்றாள் ஆர்லீட்டா அவர் தோளுக்குப் பின்னால் நின்று. "ஆறு."

அவ்வளவுதான் சொன்னாள். வேறு ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

"இது அநியாயம்! என் மதிப்பெண்ணைப் பாருங்க, நானூத்திப் பன்னெண்டு! அவளோடது முன்னூத்தித் தொண்ணூறு! அந்தப் பெரிய தாள்ல போட்டிருந்தா நான் ரெண்டாவது!"

"ரெண்டாவதுதான்," என்று ஒப்புக்கொண்டார் ஹாய்ட். "அந்தத் தாள்ல போட்டிருந்தா."

"பந்தயம் மதிப்பெண்ணுக்கு இல்லையே, வெர்லின்," என்றாள் ஆர்லீட்டா. "பேருக்கு முன்னாடி இருக்கற நம்பருக்கு. காலண்டர்ல இருக்கு."

"எந்த மடையன்யா இந்த விதியைப் போட்டான்? கண்ணாடி ரெண்டு வச்சவன்லாம் தனியா நிக்கணுமா? நாங்க என்ன, தொத்து நோய்க்காரங்களா? அவன் யாருன்னு சொல்லு. இப்பவே சொல்லு!"

கூட்டத்தில் ஒருவர் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினார். மாட்டு டாக்டரம்மா வானத்தைப் பார்த்தாள்.

"ஆர்லீட்டா," என்றார் ஹாய்ட் மெதுவாக, "அந்தக் குறிப்பு நோட்டு கையில இருக்கா?"

இருந்தது. செயலாளர் கையில் இல்லாமல் எங்கே போகும்? பக்கத்தைப் புரட்டி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

"ஜனவரிக் கூட்டம். நாலாவது தீர்மானம். 'ஒரு துப்பாக்கிக்கு ரெண்டு கண்ணாடி வைக்கிறவன் நேர்மையான மனுஷனோட ஒரே வரிசையில நிக்கக் கூடாது. அவங்களை ஆட்டுப் பட்டி மாதிரி தனியா அடைக்கணும்.' கொண்டுவந்தவர், வெர்லின் ஸ்டக்கி. பேசிய நேரம் இருபது நிமிஷம். பத்தொன்பது பேர் ஆதரவு. எதிர்ப்பு யாரும் இல்லை."

வெர்லின் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

அந்தக் குளிர்காலத்தில் இரட்டை வெல்டர்கள் இரண்டு கண்ணாடித் துப்பாக்கியோடு வந்து அவரைத் தோற்கடித்திருந்தார்கள். அவர் கொதித்துப்போய் எழுந்தது உண்மை. அதே கூட்டத்தில் காபி தண்ணியாக இருக்கிறது என்று ஒரு தீர்மானம், கழிப்பறைத் தாழ்ப்பாள் பற்றி ஒரு தீர்மானம், நாய்களைப் பற்றி ஒன்று என்று வரிசையாகக் கொண்டுவந்ததும் உண்மை. எழுந்தால் எதையாவது எதிர்க்காமல் உட்காரமாட்டார். எதிர்த்த எதையும் வீடு வரை ஞாபகம் வைத்துக்கொள்ளவும் மாட்டார். அன்றைக்கு அடுத்த அறையில் பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட பை என்கிற பலகாரத்தை வெட்ட ஆரம்பித்துவிட்டதால் ஓட்டெடுப்புக்குக்கூட அவர் நிற்கவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அதிலும் இருபது நிமிடம் பேசி வைத்துக்கொண்ட சூனியம்.

"நான் அப்பப் பேசினது அவங்களைப் பத்தி!" என்று வெல்டர்களைக் காட்டினார்.

"விதியில பேரு எதுவும் இல்லையே, தங்கம்," என்றாள் ஆர்லீட்டா.

திரும்பி வருகிற வழியில் பத்தாவது மைலில் அவர் ஆரம்பித்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கண்ணாடி வேணாம்னு சொன்னேன். படிவத்தைப் படின்னு சொன்னேன். இன்னும் என்ன, நோட்டீஸ் அடிச்சா ஒட்டணும்?"

இரண்டையும் அவள் சொல்லித்தான் இருந்தாள். அதுதான் அவருக்குப் பெரிய எரிச்சல். பத்தொன்பது வருடம் உட்கார்ந்த இடம். பலகையில் அவர் முதுகு பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்ட இடம். நிஜமாகவே மனசு வலித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவம்பரில் சீசன் திறந்த அன்று விடிகாலை இருவரும் வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். வெர்லின் தன் துப்பாக்கியை எடுக்கப் போனார். ஆர்லீட்டா கையை நீட்டினாள்.

"அதை இங்க கொடு."

"எதை?"

"துப்பாக்கியை. ஓடைக்கரையில மான் புதர்லேருந்து பதினஞ்சு கெஜத்துலயும் வரும், வயலுக்கு அந்தப் பக்கம் முன்னூறு கெஜத்துலயும் வரும். ரெண்டு கண்ணாடியும் இருந்தாத்தான் சரிப்படும்னு நீதானே சொன்ன? ரோட்டுப் பரணுக்கு என்னோட ஒத்தைக் கண்ணாடி போதும்."

"பந்தயம் பரணுக்குத்தான்! துப்பாக்கிக்கு இல்ல!"

"இல்லதான். பந்தயத்துக்காகக் கேக்கலை. பெண்டாட்டி கேக்கறேன்."

இதற்கு எந்த நீதிமன்றத்தில் போய் வழக்குப் போடுவது? பொருமிக்கொண்டே கொடுத்தார். இரண்டு வாரம் பாடுபட்டுக் குறி நேராக்கிய துப்பாக்கி ஓடைப் பக்கம் போவதை இருட்டில் அந்த ஆரஞ்சுச் சட்டை மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

ரோட்டுப் பரணில் காற்று நன்றாகத்தான் வந்தது. அதைத் தவிர எதுவும் வரவில்லை. பொழுது புலர்ந்ததும் ஒரு பால் லாரி போனது. அப்புறம் போதகரின் கார் வந்தது, வேகத்தைக் குறைத்தது, கண்ணாடி இறங்கியது.

"என்ன வெர்லின், உங்க சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்று கீழேயிருந்து கத்தினார் போதகர்.

"நல்லாத்தான் இருக்கா!" என்று மேலேயிருந்து கத்தினார் வெர்லின். அந்தக் கத்தலுக்கு அரை மைல் சுற்றுவட்டத்தில் எந்த மானும் நின்றிருக்காது.

அவர் வாயை மூடுவதற்குள் ஓடைப் பக்கமிருந்து ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றுதான். ஆர்லீட்டா இரண்டாவது குண்டை வீணாக்குகிறவள் இல்லை. தூரத்துக் குறியாக இருக்கட்டும், கடவுளே, என்று வெர்லின் வேண்டிக்கொண்டார். மான் போனால் போகட்டும், அந்த ஸ்கோப் வழியாகப் பார்த்துச் சுட்டாள், என் கண்ணாடிதான் ஜெயித்தது என்று சொல்லிக்கொள்ளவாவது ஒரு வழி கிடைக்கட்டும்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

"டிராக்டரை எடுத்துட்டு வா, வெர்லின். நம்ம ஃபிரிட்ஜ் கிடாதான், பத்து முனை. பதினஞ்சு கெஜத்துல வந்து நின்னான், சின்னப் பொட்டுலயே முடிஞ்சுது. உன் பெரிய ஸ்கோப்போட மூடியைக்கூட நான் கழட்டலை."